பூவாத்தா மாப்பிள்ளை பாக்கப் போன கதை

ஒரு ஊர்ல ஒரு துண்டுக் காடு இருந்துச்சு. துண்டுக் காடுன்னா என்னன்னு கேக்கிறியா கண்ணு? சட்டை தைச்சது போக கடைசியில ஒரு துண்டுத் துணி மிஞ்சும்ல, அது மாதிரி. மலை முழுக்க தேயிலை நட்டது போக, பள்ளத்துல கொஞ்சூண்டு சோலைக்காடு மிஞ்சிப் போச்சு. அந்தக் காட்டுல எட்டே எட்டு குருவிங்க. முதுகு கருநீலம், வயிறு வெள்ளை, காலு மட்டும் குச்சி குச்சியா நீளம். மேல பறக்கவே பறக்காதுங்க. இருட்டு நிழல்ல, சருகு மேல தத்தி தத்தி தத்திப் போய், ஒரு சத்தம் கேட்டா சர்ர்ர்ருனு புதருக்குள்ள பூந்துக்கும்ங்க.

வெயில் மேல பட்டா உசிரு போயிரும்னு அதுங்களுக்கு ஒரு நினைப்பு. அப்படி யாருக்கும் போனதில்ல. யாரும் வெயில்ல போய் நின்னு பாத்ததும் இல்ல.

ம்? சரி.

அந்தக் குருவிங்களுக்கெல்லாம் பெரியவரு ராக்கியண்ணன்னு ஒருத்தரு. அவருக்கு வாலு கிடையாது. ஒரு நாளு கீரி கவ்வினதுல வாலு அது வாயோட போயிருச்சு. அது நடந்தது அவரு வீட்டு வாசல்ல. ஆனா அன்னியில இருந்து அவரு, "நான் உலகம் பாத்தவன்"னு சொல்லிக்குவாரு. அவரு எதைப் பேச ஆரம்பிச்சாலும், "நம்ம காடு மாதிரி ஒரு காடு வருமா?"ன்னுதான் ஆரம்பிப்பாரு.

"வேற காடு பாத்திருக்கீங்களா பெரியப்பா?"

"பாத்தாத்தான் தெரியணுமா? அதெல்லாம் பாக்காமயே தெரியும்."

இப்படி ஏடாகூடமா கேக்குறவதான் பூவாத்தா. வயசுப் பொண்ணு. அவளுக்கு ஒரு ஆசை இருந்துச்சு. பெருசா ஒண்ணும் இல்ல. கூடு கட்டணும், முட்டை வெக்கணும், அது பொரியணும். அவ்வளவுதான். ஆனா அந்தக் காட்டுல அதுதான் நடக்க மாட்டேன்னுது. முட்டை வெப்பாங்க, அடைகாப்பாங்க, இருபது நாளு கழிச்சு ஒடைச்சுப் பாத்தா கொளகொளன்னு கூமுட்டை. பூவாத்தாவோட அம்மா ஒம்போது முட்டை வெச்சா. பொரிஞ்சது பூவாத்தா ஒருத்திதான்.

ஏன்னு கேட்டா ராக்கியண்ணன் காரணம் வெச்சிருப்பாரு. மொத வருசம், "இடி இடிச்சுச்சு, அதான் முட்டை கெட்டுப் போச்சு"ன்னாரு. ஒவ்வொரு கூட்டுலயும் ஒரு கரித்துண்டு வெச்சாங்க. கூமுட்டை. அடுத்த வருசம், "மரங்கொத்தி கண்ணு பட்டுருச்சு"ன்னாரு. சருகு சுத்திப் போட்டாங்க. கூமுட்டை. மூணாவது வருசம், "இந்தக் காலத்துப் பொண்ணுங்க ஒழுங்கா உக்காந்து அடைகாக்கறதில்ல"ன்னாரு. அதுக்கு யாரும் ஒண்ணும் செய்யல.

உண்மையான காரணம் என்ன தெரியுமா? முறை. அங்க இருந்த அத்தனை பேரும் ஒரே தாத்தா வழி. யாரைப் பாத்தாலும் அண்ணன், இல்லன்னா சித்தப்பா. எல்லாரும் பங்காளி. மாமன் மச்சான்னு சொல்லிக்க ஒரு குருவி கிடையாது. இருந்தாலும் ராக்கியண்ணன் ஒரு நாளு பூவாத்தாவைக் கூப்பிட்டு, "அம்மணி, நம்ம மாரப்பனைக் கட்டிக்க"ன்னாரு.

"ஐய! அவன் எனக்கு அண்ணன் முறைங்க பெரியப்பா."

"அதுக்கு வழி இருக்கு. ஒரு மழைக்காலம் அவனை அண்ணான்னு கூப்பிடாம இரு. முறை தானா மாறிக்கும். உங்க அம்மா அப்படித்தான் பண்ணினா."

"அதான் எட்டு கூமுட்டையா?"

"அது இடி!"

மாரப்பன் பக்கத்துல நின்னு கால் நகத்தைப் பாத்துக்கிட்டே, "எனக்கும் இதுல இஷ்டமில்லைம்மா, பூவாத்தா"ன்னான். பாவம், நல்ல பையன்.

ம்... தூங்கிட்டியா? இல்லையா? அப்போ கேளு.

தேயிலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு துண்டுக் காடு இருந்துச்சு. காத்து அடங்கின காலையில அங்க இருந்து பாட்டு கேக்கும். இவங்க பாட்டு, "சிட்டு சிட்டு ஸ்வீஈஈ". அவங்க பாட்டு, "ஸ்வீஈஈ சிட்டு சிட்டு". கேட்டாலே ராக்கியண்ணனுக்குக் கோவம் வந்துரும். "தலைகீழாப் பாடுற கூட்டம். அவங்களா நமக்குச் சம்பந்தி?"

"அங்க மாப்பிள்ளை இருக்கும்ல பெரியப்பா?"

"இருக்கட்டுமே. அவங்கதான் பொண்ணு பாக்க வரணும். நாம தேடிப் போனா காட்டுக்கே அசிங்கம்."

"எப்ப வருவாங்க?"

"வருவாங்க. எங்க தாத்தா காலத்துல இருந்து எதிர்பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

அப்போ பூவாத்தா ஒரு முடிவு பண்ணிட்டா. யார்கிட்டயும் சொல்லல.

மொத நாளு, தேயிலைச் செடிக்கு அடியில பூந்து தத்தித் தத்திப் போனா. அங்க ஒரு சருகு இல்ல, ஒரு புழு இல்ல. மருந்து அடிச்சு அடிச்சு மண்ணு மொழுக்குனு கிடந்துச்சு. பசியோட ரோடு வரைக்கும் போயிட்டா. டர்ர்ர்ர்... பாம்ம்ம்! இலை ஏத்துற லாரி. ஒரே ஓட்டமா வீட்டுக்கு வந்துட்டா.

அப்புறம் ரெண்டாவது நாளு, வெயில் பட்டா படட்டும், மேல போய்ப் பாப்போம்னு நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரத்துக்குத் தாவினா. ஒரு மரம். ரெண்டு மரம். விர்ர்ர்ருனு ஒரு வல்லூறு! அவ தப்பிச்சது தேயிலைக்குள்ள விழுந்ததாலதான். முதுகுல ஒரு கொத்து இறகு போயிருச்சு. ராக்கியண்ணனுக்கு சந்தோசம் தாங்கல. "பாத்தியா? இப்ப நீயும் உலகம் பாத்தவ. பேசாம உக்காரு."

மூணாவது நாளு மலை முழுக்கப் பஞ்சு பஞ்சா மூடுபனி. வெயிலே இல்ல. அப்போதான் அவளுக்கு ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அவங்க காட்டு ஓரத்துல இருந்து ஒரு ஓடை கீழ இறங்குது. ஓடை ஓரம் நெடுக உண்ணிச்செடிப் புதர். அதான் கண்ணு, சின்னச் சின்னதா மஞ்சப்பூவும் ரோஸ்பூவும் பூக்குமே, கையில வெச்சா ஒரு வாடை வருமே, அது. அந்தப் புதரை அங்க யாரும் மதிக்கறதில்ல. "கப்பல்ல வந்த செடி. அது நிழல்ல நின்னாலே தோஷம்"னு சொல்லிருவாங்க. தோஷம் வந்தா வரட்டும்னு பூவாத்தா உள்ள பூந்துட்டா.

பூந்தா, உள்ள நல்ல இருட்டு! கால்ல சருகு. சருகைப் புரட்டினா, அடேயப்பா, எம்மாம் புழு! அவங்க காட்டுலயே அவ்வளவு புழு கிடையாது. தின்னுக்கிட்டே போனா. பாதி வழி போயிருப்பா, வெளியில பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. இலை பறிக்கிற பொம்பளைங்க அஞ்சு பேரு, கையில கத்தியோட. முன்னால மேஸ்திரி.

"நாளைக்குப் பெரிய துரை வர்றாரு. ஓடை சுத்தமா இருக்கணும். ஒரு புதர் விடாம வெட்டித் தள்ளுங்க."

பூவாத்தாவுக்கு நெஞ்சு படக் படக் படக்னு அடிச்சுச்சு. வெளிய போனா வல்லூறு. உள்ள இருந்தா கத்தி.

அப்போ அந்தப் பொம்பளைங்கள்ல பஞ்சவர்ணம்னு ஒருத்தி, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு நின்னா. "வெட்டிரலாங்க மேஸ்திரி. வெட்டிட்டா நாங்க எங்க ஒதுங்கறது?"

"எதுக்கு ஒதுங்கணும்?"

பொம்பளைங்க அஞ்சு பேரும் கெக்கெக்கேனு சிரிச்சுட்டாங்க.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இந்த மேட்டுல நிக்கிறோம். அவசரத்துக்கு எங்க போறதாம்? உங்க ஆபீஸ் ரூமுக்கா?"

"கக்கூஸ் கட்டித் தர்றோம்னு சொல்லியிருக்கோம்ல?"

"சொன்னீங்க. அப்ப என் மவ இடுப்புல இருந்தா. இப்ப அவ மவ என் இடுப்புல இருக்கா. நாளைக்கு வர்ற துரைக்கு வயிறு கலக்கினா அவரும் இங்கதான வரணும்?"

மேஸ்திரிக்கு மூஞ்சி செவந்து போச்சு. "சரி சரி, கத்தாத. அந்தப் பக்கம் ரோட்டு ஓரத்தை வெட்டுங்க"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.

ஏன் சிரிக்கிற? நிசமாத்தான். குருவிங்களைக் காப்பாத்தணும்னு அன்னிக்கு அங்க யாரும் நினைக்கல. அதுங்களைக் காப்பாத்தினது அஞ்சு பொம்பளைங்களோட அவசரம்.

அப்புறம் பூவாத்தா தத்தி தத்தி அந்தக் காட்டுக்குப் போய்ச் சேந்துட்டா. அங்க பெரியவ மயிலாத்தா. பேருதான் மயிலு, உருவத்துக்கு இவளை மாதிரிக் குருவிதான். அவளுக்கு ரெண்டு பசங்க, ஒரு தம்பி. மூணு பேரும் கல்யாணம் ஆகாம வரிசையா உக்காந்திருந்தாங்க. அங்கயும் எல்லாரும் பங்காளி, அங்கயும் கூமுட்டை.

"யாரு நீ? என்னமோ தலைகீழாப் பாடிக்கிட்டு வர்ற?"ன்னு மயிலாத்தா கேட்டா.

"மாப்பிள்ளை பாக்க வந்தேனுங்க."

"பொண்ணு நீ தனியாவா? உங்க காட்டுல பெரியவங்க இல்லையா? பொண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா நாங்களே வந்திருப்போமே. அதுக்குத்தானே எங்க பாட்டி காலத்துல இருந்து காத்துக்கிட்டிருக்கோம்!"

"நீங்க வருவீங்கன்னு எங்க பெரியப்பா காத்துக்கிட்டிருக்காரு."

"சொல்லாம எப்படி வர்றது?"

"வராம எப்படிச் சொல்றது?"

பூவாத்தாவுக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. ரெண்டு காட்டுலயும் மானம் மரியாதைக்குக் கொறைச்சலே இல்ல. குஞ்சு மட்டும்தான் இல்ல.

அப்புறம் என்ன, வந்தது வந்துட்டோம்னு, மூணு பேரையும் நடக்கச் சொல்லிப் பாத்தா, பாடச் சொல்லிக் கேட்டா. பொண்ணு பாக்கறப்ப பண்ணுவாங்கல்ல, அப்படி. பெரிய பையன், "நான் இந்த மரத்தை விட்டு இறங்கினதே இல்லை"ன்னான், பெருமையா. சின்னவன், "எனக்குப் புழுவை அம்மாதான் கொண்டு வந்து தரும்"னான். தம்பிக்காரன் நாட்ராயன் அவ முதுகைப் பாத்தான். "இறகு போன எடம் வலிக்குதா?"ன்னு கேட்டான். அவ்வளவுதான், பூவாத்தா முடிவு பண்ணிட்டா.

எங்க குடி இருக்கறதுன்னு அடுத்த சண்டை. எங்க காட்டுக்கு வா, இல்ல எங்க காட்டுக்குத்தான் வரணும்னு ரெண்டு பக்கமும் பாட்டுலயே திட்டிக்கிட்டாங்க. பூவாத்தாவும் நாட்ராயனும் ஓடைக்கரைப் பொந்துல, உண்ணிப் புதருக்கு அடியில பாசி வெச்சுக் கூடு கட்டிட்டாங்க. மூணு முட்டை. வெச்ச அன்னிக்கு மத்தியானமே வானம் கிழியிற மாதிரி இடி. டமடமடமார்! பூவாத்தா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டா. கரித்துண்டு எல்லாம் வெக்கல. வெச்சிருக்கலாமோன்னு நினைச்சா, ஆனா வெக்கல. மழை பெஞ்சுச்சு. பாம்பு வந்துச்சு, போச்சு. பஞ்சவர்ணம் வந்தா, அவளும் போனா. பூவாத்தா அசையல. பத்து நாளு. பதினாலு நாளு. ஒண்ணும் காணோம். அம்மாவுக்கு நடந்ததுதான் நமக்கும்னு அவ மனசுக்குள்ள அழ ஆரம்பிச்சப்ப, வயித்துக்கு அடியில...

டொக்.

ம்... டொக். டொக் டொக்.

ஒண்ணு கூமுட்டை. ரெண்டு குஞ்சு! ஒரு பையன், ஒரு பொண்ணு.

சேதி போன அன்னிக்கே ராக்கியண்ணன், "நான்தான் அவளை அனுப்பி வெச்சேன்"னு சொல்லிட்டாரு. மயிலாத்தா, "நான்தான் வரச் சொன்னேன்"னு சொல்லிட்டா. பொறந்ததுல இருந்து காட்டை விட்டு இறங்காத ரெண்டு பேரும் உண்ணிப் புதருக்குள்ள தத்தித் தத்தி வந்து சேந்தாங்க. "அருமையான செடி. நான் எப்பவும் சொல்றதுதான்"னாரு ராக்கியண்ணன். அதுக்குள்ள பொண்ணுக் குஞ்சுக்கு வாலு முளைச்சுப் பறக்கிற வயசாயிருச்சு.

"பொண்ணு எங்க மாரப்பனுக்கு. தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா?"

"அதெப்படி? எம்மவனுக்கு. அத்தை மவன் இருக்கறப்ப தாய்மாமன் எதுக்கு வாயைத் தொறக்கறான்?"

"மாமன் சீரு நாங்கதானே செய்யறது?"

"சீரை நீங்க செய்யுங்க. பொண்ணை நாங்க கூட்டிட்டுப் போறோம்."

ரெண்டு பேரும் விடிஞ்சதுல இருந்து பொழுது சாயிற வரைக்கும் வாதாடினாங்க. நாளு குறிச்சாங்க, அழிச்சாங்க, மறுபடி குறிச்சாங்க. கடைசியில பொண்ணைக் கூப்பிடு, அவளையே கேட்டுருவோம்னாங்க. பூவாத்தா கூட்டை எட்டிப் பாத்தா. பையன் தூங்கிக்கிட்டிருந்தான். பொண்ணைக் காணோம்.

ஓடை அங்கயே நின்னுடலைல்ல கண்ணு? அது கீழ, இன்னும் கீழ, பூவாத்தாவே போகாத பக்கமா போகுது. அது ஓரம் புதரும் போகுது. ரொம்பத் தூரத்துல, தண்ணிச் சத்தத்துக்கு நடுவுல, ஒரு குட்டிப் பாட்டு கேட்டுச்சு. ரெண்டு காட்டுப் பாட்டும் கலந்து, இப்படியும் இல்லாம அப்படியும் இல்லாம. கேக்கக் கேக்கத் தேய்ஞ்சுக்கிட்டே போச்சு. பூவாத்தா கூப்பிடலாமான்னு வாயைத் தொறந்தா. மூடிக்கிட்டா.

"எங்கம்மணி பொண்ணு?"ன்னாரு ராக்கியண்ணன்.

"பக்கத்துலதான் இருப்பா. புழு பொறுக்கிக்கிட்டு இருக்கா. நீங்க பேசிக்கிட்டு இருங்க, வந்துருவா"ன்னா பூவாத்தா.

அவங்களும் சரின்னு விட்ட எடத்துல இருந்து பேச ஆரம்பிச்சாங்க.

அவங்க பேசி முடிக்கட்டும், நீ தூங்கு. கதை அவ்வளவுதான் சாமி, கண்ணை மூடிக்க.