அம்மன் சொன்னாத்தான் இறக்கி விடுவேன்

ஒரு ஊர்ல ஒரு இடுப்பு இருந்துச்சாம்.

சிரிக்காத, இடுப்புதான். அந்த இடுப்புல எந்நேரமும் ஒரு பாப்பா உக்காந்திருக்கும். பாப்பா பேரு தேனாத்தா. இடுப்புக்குச் சொந்தக்காரி அவ அம்மா, மயிலாத்தா. ம் சொல்லு, அப்பத்தான் கதை நகரும்.

ம்.

தேனாத்தா குறைமாசத்துல பொறந்தவ. கோழிக்குஞ்சு கணக்கா உள்ளங்கையில அடங்கிட்டா. அப்போ மருத்துவச்சி, "கொஞ்ச நாளைக்குக் கீழ விடாம பாத்துக்க தாயி"ன்னு சொல்லிட்டுப் போனா. மயிலாத்தா என்ன பண்ணா தெரியுமா? 'கீழ விடாம'ங்கிறதை மட்டும் பத்திரமா முடிஞ்சு வச்சுக்கிட்டா. 'கொஞ்ச நாளைக்கு'ங்கிறதைத் தொலைச்சுட்டா.

அப்புறம் பாப்பா கொழுகொழுன்னு வளர்ந்துச்சு. பல்லு மொளைச்சுது, அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடற அளவுக்கு வாயும் மொளைச்சுது. கால் மட்டும் மண்ணைப் பாக்கல. மெத்தை மேல நிக்கலாம், ஜன்னல் கம்பியைப் பிடிச்சு ஆடலாம். தரைன்னா, மூச்! மத்தப் புள்ளைங்க திடுதிடுன்னு கோழி துரத்தும்போது, இவ இடுப்புல இருந்தபடியே அம்மா வயித்துல உதைச்சு உதைச்சுத் துரத்துவா.

ஒருநாள் அந்த மருத்துவச்சி தெருவோட போனவ, பாத்துட்டு நின்னுட்டா. "அடி மயிலாத்தா! இன்னுமா இடுப்புல? கால் வலுவில்லாம சூம்பிப் போகும்டி. அப்புறம் நடக்கவே வராது."

மயிலாத்தா பாப்பாவை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. விட்டா விழுந்துருவாளோ, விடலைன்னா நடக்காமப் போயிருவாளோ. சோறு இறங்கல. அப்போ அவ சொன்னா, "செல்லாண்டியம்மன் உத்தரவு குடுக்கட்டுங்க. அடுத்த நிமிசம் விட்டுடறேன்."

அவ புருசன் சென்னியப்பன், "அம்மனுக்கு வேற சோலி இல்லையா புள்ள?"ன்னான். இருந்தாலும் தேங்காய் பழம் வாங்கிக்கிட்டுக் கூடப் போனான்.

வெள்ளிக்கிழமை கோயில்ல பூசாரி, வெள்ளைப் பூவை ஒரு பொட்டணமாவும் செவப்புப் பூவை ஒரு பொட்டணமாவும் கட்டி, கலக்கி, அம்மன் பாதத்துல வச்சார். "வெள்ளை வந்தா விடலாம். செவப்பு வந்தா வேண்டாம். சூதுவாது அறியாத புள்ளை கையால எடுக்கணும் அம்மிணி."

அங்க இருந்த புள்ளை யாரு? நம்ம தேனாத்தாதான். இடுப்புல இருந்தே குனிஞ்சு, லபக்குன்னு ஒண்ணை எடுத்துட்டா. பிரிச்சா, பளீர்னு வெள்ளை!

மயிலாத்தா முகம் வாடிப்போச்சு. "இவ எடுத்தா செல்லுமுங்களா? இவளுக்குத்தான் இறங்கணும்னு ஆசை. இது அம்மன் வாக்கு இல்லீங்க, இவ வாக்கு."

பூசாரி, "அப்போ வேற வழியில கேப்போம்"னுட்டார்.

அப்புறம் அடுத்த வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை அம்மன் தோள் ரெண்டுலயும் பூ வச்சாச்சு. அம்மனோட வலப்பக்கம் விழுந்தா விடலாம், இடப்பக்கம் விழுந்தா வேண்டாம். மயிலாத்தா கண்ணை இமைக்காம பாத்துக்கிட்டே நின்னா. நின்னா, நின்னா... கால் கடுத்துப் போச்சு. பாப்பா தோள்ல ஜொள்ளு விட்டுத் தூங்கியே போயிட்டா. சென்னியப்பனுக்குப் பொறுக்கல. "ஆத்தா, சட்டுனு சொல்லு!"ன்னு மணியை இழுத்து அடிச்சான். டணார்! வலப்பக்கத்துப் பூ பொத்துன்னு விழுந்துச்சு.

"பாத்தியா!"ன்னு குதிச்சான் அவன்.

"எதைப் பாக்கறது? நீங்க அடிச்ச அடியில அம்மனே ஆடிப்போயிருப்பா. பூ விழாம என்ன செய்யும்?"

அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும், இல்ல?

ம்.

மூணாவது வெள்ளிக்கிழமை பூசாரிக்குப் பொறுமை போச்சு. "அம்மிணி, இனிப் பல்லி வாக்குத்தான். கர்ப்பகிரகத்துச் சுவத்துல ஒரு பெரிய பல்லி இருக்கு. நீ கேட்டதும் அது சத்தம் குடுத்தா, அம்மன் உத்தரவுன்னு அர்த்தம். அதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணும் இல்ல. ரெண்டு கையையும் தலைக்கு மேல கூப்பு. கண்ணை மூடிக் கேளு. ஒத்தைக் கையால கேட்டா பல்லி பேசாது."

ரெண்டு கையா? மயிலாத்தா சுத்திமுத்தும் பாத்தா. பூசாரி கையில கற்பூரத் தட்டு. சென்னியப்பன் வெளிய பொங்கல் பானைக்கு முன்னால கரண்டியோட நிக்கறான். பானை புஸ்ஸுபுஸ்ஸுன்னு பொங்குது. அவனைக் கூப்பிட்டா பொங்கல் அடுப்புக்குப் போயிரும்.

அப்போ மயிலாத்தா, "ஒரு நிமிசம் இங்கயே நில்லுடி தங்கம்"னு பாப்பாவைத் தூணுகிட்ட நிறுத்திட்டு, ரெண்டு கையையும் தூக்கிக் கண்ணை மூடிக்கிட்டா.

அய்யய்ய, இறக்கி விட்டுட்டா!

ஷ்ஷ்! கதை கேக்கறப்போ கத்தாத. அவளுக்கே இன்னும் தெரியாது.

"ஆத்தா, என் புள்ளையைக் கீழ விடலாமா? ஒரு வார்த்தை சொல்லு தாயே"ன்னு கேக்கறா. பல்லி கம்முனு இருக்கு. அது வாய்க்குள்ள ஒரு விட்டில் பூச்சி. வாய் நிறைய வச்சுக்கிட்டு எப்படிப் பேசும்?

இங்க தேனாத்தா காலுக்கடியில பாத்தா. சில்லுன்னு கல்தரை. கட்டைவிரலை மடக்கிப் பாத்தா, நீட்டிப் பாத்தா. தூணை விட்டா. தப். இன்னொரு தப். தத்தக்கா பித்தக்கான்னு போய் அம்மனோட கல்லுச் சிங்கத்தைப் பிடிச்சு, அது வாய்க்குள்ள விரலை விட்டுக் கெக்கெக்கேன்னு சிரிச்சா.

மயிலாத்தாவுக்கு அந்தச் சிரிப்பு காதுக்குப் பக்கத்துலதான் கேக்கணும். எங்கயோ கேக்குதே! கை சரேல்னு இடுப்புக்குப் போச்சு. காலி!

கண்ணைத் திறந்தா. அம்மாவைப் பாத்ததும் பாப்பா சிங்கத்தை விட்டுட்டு வந்தா, வந்தா... பொத்!

பாப்பா உதடு பிதுங்குது. ஆனா அழல. அழலாமா வேண்டாமான்னு அம்மா முகத்தைப் பாக்கறா. ரெண்டு குட்டிக் கண்ணும் அங்கயே ஒட்டிக்கிட்டு நிக்குது.

ஓடிப்போய் அள்ளத்தான் மயிலாத்தாவுக்குக் கை துடிச்சுது. துடிச்ச கையை முந்தானையில சுருட்டிக்கிட்டா. முகத்துல ஒரு சிரிப்பை வரவழைச்சுக்கிட்டா. "எந்திரிச்சு வா சாமி"ன்னா. அந்தக் குரல் அவளுக்கே புதுசா இருந்துச்சு.

தேனாத்தா கையை ஊணினா. பின்பக்கத்தைத் தூக்கினா. ஆடினா. நின்னா. தப்.

அப்பத்தான் பல்லி பூச்சியை முழுங்கி முடிச்சுது. "த்ச்சு, த்ச்சு, த்ச்சு!"

"அம்மிணி, உத்தரவு! உத்தரவு வந்துருச்சு!"ன்னு பூசாரி கத்தறார்.

"செத்த சும்மா இருங்க பூசாரி"ன்னா மயிலாத்தா, திரும்பிக்கூடப் பாக்காம. "புள்ள நடந்து வர்றா."

ம்? ம் எங்க?

சரி, கதையும் நடந்து போயிருச்சு. கண்ணு மூடிக்கிச்சு. தூங்கு தங்கம்.