ஆளில்லாத ஊரில் குலவை

வெகு காலத்துக்கு முன்னால் மேழிநாடு என்றொரு நாடு. அதை ஆண்டவன் அபயசிங்க ராஜா. காலையில் கோபம் வந்தால் தலையை வாங்கு என்பான், சாப்பிட்ட பிறகு அதே ஆளைக் கூப்பிட்டு வெற்றிலை கொடுப்பான். இப்படிப்பட்டவன் நாட்டில் குடித்தனம் பண்ணுவது லேசா?

அந்த நாட்டின் எல்லையில் நெடுங்கரை என்று ஓர் ஊர். எதிரிப் படை வந்து நெல்லை அள்ளிப் போனது. அதை விரட்ட வந்த சொந்தப் படை மாட்டை ஓட்டிப் போனது. போர் முடிந்த கையோடு பெருமழை வந்து ஏரிக்கரையை உடைத்தது. மிஞ்சிய சனமெல்லாம் மலைக்காட்டுக்குள் போய்விட்டது. போகாமல் இருந்தவள் உலகம்மை ஒருத்திதான். மதகைத் திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது அவள் வேலை. மதகை விட்டுவிட்டு எங்கே போவாள்?

பத்து மாதம் தனியே இருந்தாள். அடுப்பு அணைந்தால் கங்கு வாங்கப் பக்கத்து வீடு கிடையாது. ஆகவே அணையவே விடமாட்டாள். பழக்கதோஷத்தில் சில நாள், காட்டுக்குப் போய்விட்ட பக்கத்து வீட்டுப் பேராச்சியின் வாசலில் போய் நின்று, "ஏளா, இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, இடிந்த சுவரைப் பார்த்தபடி திரும்பி வருவாள். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது.

ஆவணி மாதம் ராஜாவுக்குத் திடீரென்று இரக்கம் வந்தது. கரையைக் கட்டு, சனத்துக்குக் கஞ்சி ஊற்று என்று சேனாதிபதி இரணகண்டனை முந்நூறு வீரர்களோடு அனுப்பினான். இரணகண்டன் வந்தான். கோட்டைச் சுவர் மாதிரி கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கினான். கஞ்சி குடிக்க வாருங்கள் என்று போர்முரசை மூன்று நாள் விடாமல் முழக்கினான். காட்டு ஓரத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் அந்தச் சத்தத்தில் மலை உச்சிக்கே ஓடிப்போனார்கள். கஞ்சி புளித்தது.

நாலாம் நாள் ராஜாவே குதிரையில் வந்து இறங்கினான்.

"மகாராஜா, நன்றி கெட்ட சனம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிவிட்டது. பேசாமல் இந்த இடத்தைக் குதிரை மேய்ச்சலுக்கு விட்டுவிடலாம்" என்றான் இரணகண்டன்.

உலகம்மை வீரர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "மகாராசா, சேனாதிபதி ஐயா கட்டுனது முதல் மழைக்கே போயிரும். தண்ணி என்ன ஏணி வச்சா ஏறி வரப்போவுது? அடியில அரிக்கும். களிமண்ணு போட்டுச் சரிவா மிதிக்கணும். எந்தக் குழியில எந்த மண்ணுன்னு எங்க ஊராளுகளுக்குத்தான் தெரியும். ஆனா சுமக்க ஒங்க ஆளுக வேணும்."

"ஊராள் எங்கே? நீ ஒருத்திதானே நிற்கிறாய்?" என்று ராஜா சிரித்தான். "சரி, நாளைப் பொழுது சாய்வதற்குள் அவர்களை வரவழை. முடியாவிட்டால் நிலம் குதிரைக்கு, நீயும் ஊரைக் காலி பண்ண வேண்டும்."

"வரவழைக்கேன். ஆனா நாளைக்கு மட்டும் படை என் பேச்சைக் கேக்கணும். சேனாதிபதி ஐயாவும் சேத்துத்தான்."

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. சரியென்றான்.

மறுநாள் அவள் ஈட்டி, வாள், முரசு எல்லாவற்றையும் ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். முந்நூறு பேரையும் காட்டைப் பார்க்கக் கரைமேல் நிறுத்தினாள்.

"இப்ப எல்லாரும் குலவை போடுங்க."

"என்னது!" இரணகண்டனின் மீசை துடித்தது. "ஏழு களம் கண்டவன் நான். பெண்பிள்ளைபோல் குலவை இடுவதா?"

"ஐயா, எங்க பக்கத்து வழக்கம் அது. ஒருத்தி குலவை போட்டா காதுல விழுந்தவ பதிலுக்குப் போட்டே ஆகணும். பத்து மாசமா நான் ஒத்தையில போட்டேன், காடு வரைக்கும் எட்டல. ஒங்க முந்நூறு தொண்டை எட்டும். கொள்ளையடிக்க வாறவன் குலவை போட்டுக்கிட்டா வருவான்?"

"முதலில் சேனாதிபதி ஆரம்பிக்கட்டும்" என்றான் ராஜா.

வேறு வழியில்லை. இரணகண்டன் கண்ணை மூடிக்கொண்டு நாக்கைச் சுழற்றினான். ஆட்டுக்கு இருமல் வந்த சத்தம் வந்தது. பின்னாலேயே முந்நூறு பேரும். பாதிப் பேர் உழவன் வீட்டுப் பிள்ளைகள், நடவு வயலில் அம்மா இட்டதைக் கேட்டு வளர்ந்தவர்கள். சிரித்துக்கொண்டே ஆரம்பித்தவர்களில் சிலர் அழுதுவிட்டார்கள். உலகம்மையும் சேர்ந்து இட்டாள். அவள் குரலோடு இன்னொரு குரல் சேர்ந்து எத்தனை நாளாயிற்று!

நிறுத்தினார்கள். காடு சும்மா இருந்தது. வெயில் ஏறியது. மறுபடி இட்டார்கள். உச்சி சாய்ந்தது. இனி யாருமே வரமாட்டார்களோ என்று உலகம்மை இறங்கும் பொழுதையும் காட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஐந்தாம் முறை இட்டு ஓய்ந்தபோது மலைச் சரிவிலிருந்து மெல்லிசாக ஒரு குலவை வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் எண்ண முடியவில்லை.

முதல் ஆளாக இறங்கி வந்தவள் பேராச்சி. "எவம்லே அது, குலவையை இந்தப் பாடு படுத்துதது? கேக்கச் சகிக்கல!" என்று கத்திக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் நாற்பது குடும்பம். இருபது குடும்பம் வரவே இல்லை. ஏன் என்று உலகம்மை கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

ராஜா தீர்ப்புச் சொன்னான்: "இரணகண்டா, ஊரார் மண்ணைக் காட்டுவார்கள், படை சுமக்கும். கரை முடிகிறவரை நீ பேராச்சி சொல்லுகிற இடத்தில் சேறு மிதி." சேனாதிபதி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

பிறகு ராஜா உலகம்மையைப் பார்த்து, "உன் புத்திக்கு நீ என் சபையில் இருக்க வேண்டியவள். பல்லக்கு அனுப்புகிறேன், அரண்மனைக்கு வந்துவிடு" என்றான்.

அதற்குள் பேராச்சி இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றாள். "ஏளா, என் வீட்டு முறத்தை எடுத்தது நீதான? கதவு இல்லன்னா கேக்க நாதி இல்லன்னு நெனச்சியா?"

"ஒன் ஓட்டை முறம் எனக்கு எதுக்குளா?" என்று உலகம்மை திருப்பிக் கத்தினாள். கத்தும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்காமல் ராஜா பக்கம் திரும்பினாள்.

"மகாராசா, பல்லக்கு வேண்டாம். இப்பத்தான் சண்டை போட எனக்கு ஆள் வந்திருக்கு."