குதிரையும் யானையும் கேட்ட இரண்டு பதில்கள்

ஒரு காலத்தில் காரையாழி என்ற துறைமுக நாட்டை இராசகம்பீரன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நிமிஷத்துக்கு ஒரு மனசு. பல் வலித்தால் கடைத்தெருவை மூடச் சொல்வான். பாயசம் ருசித்தால் சமையல்காரனுக்குக் கிராமம் எழுதிக் கொடுப்பான்.

அந்தச் சபையில் துபாஷி வேலை பார்த்தவர் காதர்சா மரைக்காயர். பிறதேசத்தார் பேசுவதை அரசனுக்குத் தமிழில் சொல்வது அவர் தொழில். சுங்க அதிகாரி கனகசபையாருக்கு அவரைக் கண்டாலே வயிறு எரியும். துறைமுகத்தில் நாலு பாஷையிலும் நாலு வார்த்தை பொறுக்கிவைத்திருந்த நமக்கு அந்த இருக்கை கிடைக்கவில்லையே என்ற புகைச்சல்.

ஒருநாள் இரண்டு கப்பல்கள் சேர்ந்து வந்தன. ஒன்றில் பாரசீகக் குதிரை வியாபாரி மீர்சா பெஹ்ராம். மற்றதில் இங்கிலீஷ் கப்பல் தலைவர் ஹார்வுட்.

அரசன் பாரசீகரின் வெள்ளைக் குதிரையைத் தடவி, "ஆகா, என்ன அழகு!" என்றான். பாரசீகர் மார்பில் கை வைத்து, குனிந்து, வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம் பேசினார். மரைக்காயர் சொன்னார்: "தங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சியாம். விலை பேசலாம் என்கிறார்."

அடுத்து அரசன் தன் பட்டத்து யானையை இங்கிலீஷ்காரருக்குக் காட்டினான். அவர் முணுமுணுத்தது இரண்டே சொல். மரைக்காயரோ, "வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை என்று மலைத்துப்போய் நிற்கிறார், மகாராஜா" என்றார்.

"மோசடி!" என்று துள்ளி எழுந்தார் கனகசபையார். "குதிரையும் உங்களுடையது, என் உயிரும் உங்களுடையது என்றார் அந்தப் பாரசீகர். என் காதால் கேட்டேன்! இந்த வெள்ளைக்காரர் சொன்னது 'மோசமில்லை'. அவ்வளவுதான்!"

அரசனின் மீசை துடித்தது. "அப்படியா சொன்னார்கள், மரைக்காயரே?"

"வார்த்தை அதேதான், மகாராஜா. ஆனால்..."

"ஆனாலும் ஆவன்னாவும் வேண்டாம்! குதிரையை என் லாயத்தில் கட்டுங்கள். என் யானையை மோசமில்லை என்றவரைக் கப்பலேற்றுங்கள். பொய்யாக மொழிபெயர்த்த நீர், பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போம்!"

மரைக்காயர் சபையைச் சுற்றிப் பார்த்தார். வாப்பாவை அடக்கிய மண் இது. மகளைக் கட்டிக்கொடுத்த ஊரும் இதுதான். பொய்யன் என்று பேரெடுத்த துபாஷிக்கு எந்தச் சபை இடம் கொடுக்கும்? கும்பிட்டார். பழக்கத்தில் வாய் சொன்னது: "உத்தரவு மகாராஜா. போய் வருகிறேன்."

"வருகிறீரா? உம்மை யார் வரச் சொன்னது?"

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மரைக்காயரே ஒரு கணம் திகைத்தார். பிறகு அவர் கண்ணில் வெளிச்சம் வந்தது. "தவறுதான். போகிறேன் என்று..."

"சீ! அந்தப் பேச்சைச் சபையில் பேசாதீர்!"

"அப்புறம் எதைச் சொல்லட்டும், மகாராஜா? கனகசபையாரே, நான் முதலில் சொன்ன 'போய் வருகிறேன்' என்பதை அந்தப் பாரசீகரிடம் சொல்லுக்குச் சொல் சொல்லுமே பார்ப்போம்."

கனகசபையார் பெருமையாகச் சொன்னார். பாரசீகர் தலையாட்டிவிட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "திரும்பி வரும்வரை காத்திருக்கிறாராம்" என்று கனகசபையாரே அசடு வழியச் சொல்லவேண்டியதாயிற்று.

அரசன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் சிரிப்பு நின்றது. "நான் படையெடுக்கும்போதெல்லாம் அம்மாவிடம் அப்படித்தான் சொல்வேன்," என்றான் மெல்ல. "வருவேனா என்று எனக்கே தெரியாது. இருந்தும் வேறு மாதிரிச் சொல்ல நாக்கு எழாது."

"கடல் ஆட்களை எடுத்துக்கொண்டுபோகிற கரை நம்முடையது," என்றார் மரைக்காயர். "அதனால் புறப்படும்போதே மனுஷரைத் திருப்பி இழுத்துக்கொள்கிறோம். அவர்கள் மண்ணைப் பற்றியும் கேளுங்கள், மகாராஜா."

அரசன் கேட்டான். பாரசீகர் சொல்லச் சொல்ல மரைக்காயர் தமிழாக்கினார். மழை முகம் காட்டாத தேசம். மலையடியில் ஊறும் தண்ணீரை வெயில் குடித்துவிடாமல், பூமிக்குள் சுரங்கம் குடைந்து ஊர்வரை நடத்தி வருவார்களாம். தரையில் காது வைத்தால் காலுக்கடியில் நீர் போகிற சத்தம் கேட்குமாம். பாலையில் வந்தவர் கதவைத் தட்டினால், அவர் வாய் திறந்து கேட்கும்முன்பே எல்லாம் உங்களுடையது என்று சொல்லியாகவேண்டும். இருப்பது கொஞ்சம் என்று வந்தவருக்கும் தெரியும். வேண்டாம், வேண்டாம் என்பார். இரண்டு பேர் மானமும் அப்படித்தான் பிழைக்கிறது.

இங்கிலீஷ்காரரின் ஊரோ கடலுக்கு நடுவே குளிர்ந்து கிடக்கிற தீவு. காலையில் வெயில், மதியம் மழை, மாலையில் எதிர்வீடு தெரியாத பனிமூட்டம். குளிர்காலம் முழுக்கக் கதவைச் சாத்தி, ஆகிறவரும் ஆகாதவரும் ஒரே நெருப்பைச் சுற்றி உட்காரவேண்டும். அங்கே ஒருவர் குரலெடுத்தால் மற்றவர் எங்கே எழுந்து போவார்? அதனால் சந்தோஷத்தையும் கோபத்தையும் சின்னதாக மடித்துத்தான் வெளியே எடுப்பார்கள்.

அரசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஒரு சொல்லுக்குள் இத்தனை வெயிலா! இத்தனை குளிரா!" என்றான். எழுந்துபோய்க் குதிரையின் கடிவாளத்தைப் பாரசீகர் கையிலேயே வைத்து, "இது உமக்குத்தான் தகும்" என்றான். பாரசீகர் மறுத்தார், மறுபடி நீட்டினார், அரசன் மறுபடி மறுத்தான். கடைசியில் பாரசீகர் கண்கலங்கி விலையைச் சொன்னார். நியாயமான விலை.

அரசன் திரும்பினான். இங்கிலீஷ்காரரோ தொப்பி கீழே விழுந்தது தெரியாமல் இன்னும் யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசனின் பார்வை கனகசபையார் மேல் விழுந்தது. அவர் தடாலென்று காலில் விழுந்தார். "பிழை பொறுக்கவேண்டும்! என் உடல், பொருள், ஆவி மூன்றும் மகாராஜாவுக்கே!"

"சபாஷ்! சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்கிறேன். உடலும் ஆவியும் உம்மிடமே இருக்கட்டும். பொருளை ஏற்றிவர வண்டி கட்டுங்கள்!"

"மகாராஜா! அது... அது ஒரு மரியாதைக்கு..."

சபை கொல்லென்று சிரித்தது. அரசன் மட்டும் சிரிக்காமல் தன் பக்கத்து ஆசனத்தைத் தட்டி மரைக்காயரை உட்காரவைத்தான். "துபாஷியாரே, இவர் என்ன சொல்கிறார்? எனக்குப் பெயர்த்துச் சொல்லும்."

மரைக்காயர் காலடியில் கிடந்தவரைப் பார்த்தார். அந்த முதுகு நடுங்கிக்கொண்டிருந்தது.

"பயமாக இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்கிறார், மகாராஜா."