கோட்டு மாட்டும் இடத்து நாற்காலி

ரஷ்யப் பிரமிட் என்று ஓர் ஆட்டம். பில்லியர்ட்ஸ் மேஜைதான், பச்சைத் துணிதான். ஆனால் பந்து பெரிது. பாக்கெட்டின் வாய் சின்னது. பந்து மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். பதினைந்து பந்து வெள்ளை, ஒன்று மட்டும் நிறம். முதல் அடிக்குப் பிறகு அந்த வித்தியாசமும் கிடையாது. எந்தப் பந்தையும் அடிக்கலாம், எதன்மேலும் மோத விடலாம். முதலில் எட்டுப் பந்துகளை விழ வைத்தவருக்கு ஜெயம்.

இன்னொரு விதி உண்டு. மோதப்பட்ட பந்து விழுந்தாலும் கணக்கு. நீங்கள் கோலால் அடித்த பந்தே இன்னொன்றின்மேல் பட்டுவிட்டுப் போய் விழுந்தாலும் கணக்கு. ஆட்டமும் உங்களுடையதுதான், தொடர்ந்து அடிக்கலாம்.

கேரம் ஆடியவர்கள் இதைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் ஃபைன் என்று சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஸ்னூக்கரிலும் அதே கதை.

கோயமுத்தூர் சென்னியப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. பகலில் பம்ப் செட் பட்டறை, சாயங்காலம் கிளப். ஏழு வயதில் கேரம், பிறகு ஸ்னூக்கர். தான் அடித்த பந்து விழுந்தால் கையைத் தூக்கி "சாரி" சொல்லிவிட்டு, போய் நாற்காலியில் உட்கார வேண்டும். அப்படியே வளர்ந்த உடம்பு.

அவருடைய குருவுக்கு முப்பத்தொரு வயது. பெயர் கோகிலவாணி. ராசிபுரத்திலிருந்து டாக்டருக்குப் படிக்க கிர்கிஸ்தான் போனவர். பிஷ்கெக்கில் அவர் இருந்த ஹாஸ்டலின் கீழ்த்தளத்தில் இந்த ஆட்டத்து மேஜை ஒன்று கிடந்தது. டாக்டர் பட்டமும் வந்தது, ஆட்டமும் வந்தது. அந்த ஊரிலேயே ஆஸ்பத்திரி வேலை.

லீவில் ஊருக்கு வந்தபோது கோயமுத்தூர் கிளப்புக்கு ஒரு நாள் போனார். அங்கே யாரோ ஆசைப்பட்டு ஒரு ரஷ்ய மேஜை வாங்கிப் போட்டிருந்தார்கள். ஆடத் தெரிந்தவன் ஒருத்தனும் இல்லை. கோகிலவாணி சென்னியப்பனோடு ஆடினார். ஒரு பந்துகூட விட்டுக்கொடுக்கவில்லை.

"குருவே" என்று சென்னியப்பன் கும்பிட்டார். கிண்டலுக்குத்தான். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் போனிலேயே பாடம் நடந்தது. பிஷ்கெக்கில் சர்வதேச சாம்பியன்ஷிப் என்றதும் குருவே சிஷ்யரின் பெயரைக் கொடுத்தார். ஒரு தடவை தோற்றால் இன்னொரு வாய்ப்பு. இரண்டாவது தடவையும் தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

முதல் போட்டியிலேயே வினை வந்தது.

எதிராளி மங்கோலியக்காரர். ஒரு போட்டிக்குப் பல ஆட்டம்; இருவரும் சமமாக ஜெயித்து வந்த கடைசி ஆட்டம் அது. சென்னியப்பனுக்கு ஆறு பந்து, மங்கோலியருக்கு ஐந்து. சென்னியப்பன் ஒரு பந்தை அடித்தார். குறி வைத்த பந்து பாக்கெட்டின் வாயில் முட்டிக்கொண்டு நின்றது. அடித்த பந்து சுற்றிக்கொண்டு போய் நடுப் பாக்கெட்டில் விழுந்தது.

ஏழு. இன்னும் ஒன்றுதான்.

சென்னியப்பன் கையைத் தூக்கினார். "சாரி" என்றார். போய் நாற்காலியில் உட்கார்ந்து கோலை மடியில் வைத்துக்கொண்டார்.

மங்கோலியர் எழவில்லை. நடுவர் பார்த்தார். ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். சென்னியப்பன் மரியாதையாகச் சிரித்தார். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேஜை சும்மா கிடந்தது. அடிப்பதற்கான நேரம் முடிந்தது. நடுவர் கையை உயர்த்தினார். தப்பு, எதிராளிக்கு ஒரு பந்து. அதற்குப் பிறகு மங்கோலியர் எழுந்து இரண்டே அடியில் முடித்துவிட்டார்.

இதையெல்லாம் கோயமுத்தூர் கிளப்பில் போனை டிவியில் மாட்டி எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வக்கீல் நஞ்சப்பன் கூப்பிட்டார். "ஏம்ப்பா சென்னி, அந்த ஊர் நாற்காலி சொகமா இருக்குதா?"

"வைடா போனை."

"கோவிச்சுக்காதே. கிளப்புல உனக்குன்னு ஒரு நாற்காலி செய்யச் சொல்லியாச்சு. 'உக்காந்த சென்னியப்பன்'னு பேரும் எழுதறோம். அடுத்த மேட்ச்சும் இதே மாதிரியா, இல்ல படுத்துக்குவியா?"

சென்னியப்பன் போனை அணைத்தார். நஞ்சப்பன் வாயில் விழுந்த பெயர் சுடுகாடு வரைக்கும் வரும். அவருக்குத் தெரியும். கிளப் பொருளாளரை இன்றைக்கும் 'பஜ்ஜி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஒரே ஒரு போட்டி ஜெயித்துவிட்டால் போதும், அந்த நாற்காலி செய்யப்படாமலே போய்விடும்.

கோகிலவாணி வெளியே பாப்ளர் மரத்தடியில் நின்றிருந்தார். தெருவெல்லாம் பனி உருகிச் சேறாகக் கிடந்தது.

"குருவே, திட்டிப்போடுங்க."

"எதுக்குங்க?"

"அம்பது வருஷமா அது தப்பு. இப்ப அதுதான் சரிங்கறீங்க. தெரியுதுங்க. தெரிஞ்சும் போய் உக்காந்துட்டேன். இதை எப்படிங்க இந்த மண்டைக்குள்ள ஏத்தறது?"

"மண்டைக்கு எதுக்குங்க?" என்றார் கோகிலவாணி. "நாளைக்குப் பயிற்சிக்கு பூட்ஸ் வேண்டாம். மெத்துன்னு இருக்கற செருப்பாப் போட்டுட்டு வாங்க."

அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் போட்டி இல்லை. பயிற்சி மண்டபம் நிலத்துக்குக் கீழே இருந்தது. மேலே வாசலருகில் கோட்டு மாட்டும் இடம். அங்கே கோட்டை வாங்கி மாட்டுகிற அம்மாள் பெர்மெத். அவள் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. மேலிருந்து கீழே வர நீளமான படிக்கட்டு, கல் படிக்கட்டு.

கோகிலவாணி பாக்கெட்டுக்கு அருகில் ஒரு பந்தை வைத்தார். தள்ளி இன்னொன்றை வைத்தார்.

"இதால அதை ஓரமா உரசுங்க. நீங்க அடிச்சு உரசற பந்துதான் விழணும்."

"விழுந்தா?"

"சாரி சொல்லுங்க. மேலே போய் அந்த நாற்காலில உக்காருங்க. திரும்பி இறங்கி வாங்க."

"விழலைன்னா?"

"இங்கியே நின்னு மறுபடி அடிங்க."

சென்னியப்பன் யோசித்தார். "தலைகீழா இருக்குதுங்களே குருவே. சரியா அடிச்சாத் தண்டனை, தப்பா அடிச்சா ஒண்ணுமில்லீங்களா?"

"அடிங்க."

தண்டனைதான் என்று சென்னியப்பன் முடிவு கட்டிவிட்டார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். குனிந்து அடித்தார். முதல் தடவை விழவில்லை. அடுத்ததும் விழவில்லை. பிறகு விழுந்தது.

"சாரி."

மண்டபத்தில் வேறு ஆள் இல்லை. கோகிலவாணி சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் படி ஏறினார். பெர்மெத் அவரைப் பார்த்ததும் அவருடைய கோட்டை எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். இறங்கினார்.

மறுபடி விழுந்தது. மறுபடி ஏறினார். பெர்மெத் மறுபடி கோட்டை நீட்டினாள். அதற்கு அடுத்த தடவை கோட்டைத் தொடவில்லை. நாற்காலியைத் துடைத்துவிட்டு, "ஒதுர்" என்றாள். உட்கார் என்று அர்த்தம். அவள் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது, பாவம், இந்த ஆளுக்கு ஏதோ கோளாறு.

கொஞ்ச நேரத்தில் முட்டி பேச ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டு வயது முட்டி. ஏறும்போது ஒரு பேச்சு, இறங்கும்போது வேறு பேச்சு.

கீழே வந்து அடித்தார். பந்து விழவில்லை. மறுபடி அடித்தார், விழவில்லை. மறுபடியும்.

"சார்."

"சொல்லுங்க குருவே."

"வேணும்னே விடறீங்க."

சென்னியப்பன் கோலின் நுனியில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார்.

"முட்டி வலிக்குதுங்க."

"படியேத்தம் வேண்டாம்னுதானே அப்படி விடறீங்க?"

"ஆமாங்க."

"நேத்து அங்கே போட்டியில போய் உக்காந்தப்ப வலிச்சுதுங்களா?"

"இல்லீங்க. அங்கே நாலு எட்டுலதானே நாற்காலி."

"சரி. அடிங்க."

கோபம் வந்துவிட்டது அவருக்கு. என்ன குரு இது, பிள்ளை வயசு, விதை கொறிக்கிறது. அந்தக் கோபத்தோடு குனிந்தார். பந்து போய் உரசியது, சுழன்றது, பாக்கெட்டின் இரண்டு உதட்டையும் தொடாமல் உள்ளே போனது. சத்தம்கூட வரவில்லை.

"சாரி" என்றது வாய்.

உரசப்பட்ட பந்து நகர்ந்து வந்து, எதிர்ப் பாக்கெட்டுக்கு நேராக நின்றது. பக்கத்தில் மேஜையில் ஒதுக்கி வைத்திருந்த வேறொரு பந்தும் தோதாகக் கிடந்தது. சென்னியப்பன் அந்தப் பக்கம் நடந்து போய்க் குனிந்தார்.

"மேலே போகலீங்களா?" என்றார் கோகிலவாணி.

"போகலீங்க."

"ஏனுங்க?"

"இது நல்லா நிக்குதுங்க" என்றார் சென்னியப்பன், பந்தைப் பார்த்தபடியே.

கோகிலவாணி விதைத் தொலியைக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டார்.

"மத்தியானம் ஆச்சு. வாங்க, சாப்பிடலாம்."

"அவ்வளவுதாங்களா?"

"பசிக்குது சார்."

இரண்டு பேரும் படி ஏறி வந்தார்கள். பெர்மெத் ஒரு கோப்பை டீயைத் தயாராக ஊற்றி வைத்திருந்தாள். "ஒதுர், ஒதுர்" என்றாள். சென்னியப்பன் நின்றுகொண்டே குடித்தார். டீ நன்றாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் இரண்டாவது போட்டி. எதிராளி ஷவ்கத். தாஷ்கண்டில் ரொட்டி அடுப்பு வைத்திருப்பவர். மாவு பிசைந்து பிசைந்து முன்கை ஆட்டுரல் குழவி மாதிரி இருந்தது. அவர் அடித்தால் மேஜை முனகியது. ஆள் நல்லவர். சென்னியப்பன் ஒரு நல்ல அடி அடித்தபோது தன் கோலால் தரையைத் தட்டிப் பாராட்டினார்.

ஆளுக்குச் சமமாக ஜெயித்து, கடைசி ஆட்டத்துக்கு வந்தார்கள். ஷவ்கத்துக்கு ஏழு. சென்னியப்பனுக்கு நாலு. ஷவ்கத் ஒரு பந்தை மூலையைப் பார்த்து ஓங்கி விட்டார். அது பாக்கெட்டின் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடித்துவிட்டு வெளியே நின்றது.

சென்னியப்பன் எழுந்தார். இதில் ஒன்று தவறினால் ஷவ்கத் முடித்துவிடுவார். கோயமுத்தூரில் தச்சனிடம் சொல்லியாகிவிட்டது.

வாயில் நின்ற பந்தைத் தட்டிவிட்டார். விழுந்தது. அடுத்தது உரசல். அடித்த பந்தே விழுந்தது.

"சாரி" என்றார். என்றபடியே மேஜையின் மறுபக்கம் போனார்.

அடுத்தது நேர் அடி, நடுப் பாக்கெட். விழுந்தது. பிறகு மறுபடி உரசல். மெல்லிசாகத் தொட வேண்டும். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அவர் காதில் ஏறவில்லை. தொட்டது. அடித்த பந்து யோசித்து யோசித்து உருண்டு, பாக்கெட்டின் வாயில் ஒரு கணம் நின்று, உள்ளே போனது.

"சாரி."

இடது மூலையில் ஒன்று நன்றாக நின்றது. சென்னியப்பன் அங்கே போனார். குனிந்தார். கோலைப் பின்னால் இழுத்தார்.

ஒரு கை வந்து கோலைப் பிடித்தது. நடுவர்.

சென்னியப்பன் நிமிர்ந்தார். மறுபடியும் ஏதோ தப்பு. என்ன தப்பு? சட்டை நுனி பந்தில் பட்டுவிட்டதோ? மண்டபம் முழுக்கச் சிரித்தது. திரும்பி குருவைத் தேடினார். குருவும் சிரித்துக்கொண்டிருந்தார். அப்படியானால் பெரிய தப்புதான்.

அதற்குள் ஷவ்கத் வந்து அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். மார்பெல்லாம் ரொட்டி வாசம். நடுவர், சென்னியப்பன் விழுத்திய பந்துகளை அடுக்கியிருந்த தட்டைக் காட்டினார். தட்டில் எட்டுப் பந்து.

சென்னியப்பன் எண்ணிப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"முடிஞ்சு போச்சுங்களா?" என்று தமிழில் கேட்டார். ஷவ்கத்துக்குப் புரிந்தது போலிருந்தது. தலையை ஆட்டி முதுகில் ஒன்று போட்டார்.

போன் அதிர்ந்தது.

"ஏம்ப்பா," என்றார் நஞ்சப்பன், "ஜெயிச்ச பொறகும் அடிக்கப் போறியே, மேஜையையே தின்னுபோடுவியா?" பின்னால் கிளப் மொத்தமும் கத்திக்கொண்டிருந்தது. "அந்த நாற்காலியை என்னடா பண்றது? தச்சன் கால் கடைஞ்சுட்டான்!"

"நீ உக்காந்துக்கோ" என்றார் சென்னியப்பன்.

அடுத்த போட்டி மறுநாள். பயிற்சி மண்டபத்தில் விட்டுவந்த செருப்பை எடுக்கப் போனார்கள். பெர்மெத் சேதி கேட்டிருக்க வேண்டும். வாய்விட்டுச் சிரித்து, நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து நடுவுக்கு இழுத்துப் போட்டாள்.

"ஒதுர்!"

சென்னியப்பன் உட்கார்ந்தார். கால்களை நீட்டிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே மலை வெயிலில் வெள்ளையாக நின்றது. ஒரு கோப்பை டீயை முழுதும் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

"குருவே, ஒண்ணே ஒண்ணு. வாய் இன்னும் சாரின்னுதாங்க சொல்லுது. இன்னிக்கும் சொல்லிருச்சு, ரெண்டு தடவை. அது எப்பத்தாங்க போகும்?"

கோகிலவாணி கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கையை நுழைத்தார். பொத்தானைப் போட்டார்.

"அது எதுக்குங்க போகணும்? உங்க கால்தான் அதைக் காதுல வாங்கறதில்லையே."