பனையடித்துறை கிளப்பின் ஏழாவது பெயர்

குருவிடம் வந்து சேர்ந்தபோது அலங்காரத்துக்கு வயது அறுபத்தொன்று. குருவுக்கு முப்பத்திநான்கு.

குருவின் பெயர் மெஹருன்னிசா. கால்பந்துக் கிளப்பை நாமே நடத்துவதுபோல ஆடும் கணினி விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்குத் தகவல் சேகரிக்கும் பொறுப்பு அவருடையது. எந்தக் கிளப் யாருக்குச் சொந்தம், எது எதற்குக் கிளை என்பதெல்லாம் அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் உள்ளே போகும். முன்பு பள்ளியில் கணக்கு நடத்தியவர். எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அலங்காரம் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். மனைவி ஜெசிந்தா இறந்து மூன்று வருஷம். மகள் நியூசிலாந்தில். பெரம்பூர் வீட்டில் பகலெல்லாம் அந்த விளையாட்டை ஆடுவார். திரையில் வரும் ஆட்டக்காரர்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார். ஒருநாள் ஒரு கிளப்பின் உரிமையாளர் பெயர் தப்பு என்று எழுதிப் போட்டார். "நீங்களே வந்து திருத்துங்க" என்று பதில் வந்தது. போனார். அதன்பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

முதல் மாதத்தில் ஒரு கேள்வி கேட்டார்.

"ரெண்டு கிளப்புக்கு நடுவுல சம்பந்தம் இருக்குன்னு எப்ப எழுதலாம் டீச்சர்?"

டீச்சர் தொலைபேசியை அவர் பக்கம் தள்ளினார். "ஒண்ணு இன்னொண்ணோட கிளைன்னு இன்னைக்குப் பேப்பர்ல வந்திருக்கே, அந்த ரெண்டு கிளப்புக்கும் போன் பண்ணுங்க."

பெரிய கிளப்பில், "ஆமாம், அவங்க எங்க கிளைதான்" என்றார்கள். சின்ன கிளப்பில் எடுத்தவர், "அவங்க யாரு?" என்றார்.

அலங்காரம் தொலைபேசியை வைத்தார். டீச்சர் அடுத்த தாளைப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. குமரிக் கடற்கரையில் பனையடித்துறை என்ற ஊரிலிருந்து ஆக்னஸ் லில்லி என்ற பெண் எழுதியிருந்தாள். அங்கே பெண்கள் அணிக்கு அவள்தான் பயிற்சியாளர்.

'உங்கள் விளையாட்டில் எங்கள் கிளப்பைத் தென்முனை யுனைடெட்டின் கிளை என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் யாருக்கும் கிளை இல்லை. எங்கள் பழைய நிர்வாகிகள் யாரும் இப்போது இல்லை. லீக்கில் பதிவு செய்யக் கையெழுத்துப் போட ஆள் கிடையாது. அதனால்தான் அவர்கள் எங்களைத் தங்களுடையது என்கிறார்கள். அடுத்த மாதம் பதிவு முடிகிறது. அதற்குள் வழி பிறக்காவிட்டால் என் பிள்ளைகள் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும்.'

டீச்சர் கடிதத்தை அலங்காரத்திடம் கொடுத்தார். "பதிவாளர் அலுவலகத்துல சங்கத்தோட பேப்பர் இருக்கும். பார்த்துட்டு வாங்க."

"வேற யார்கிட்டயாவது குடுங்க டீச்சர்."

"ஏன்?"

"முட்டி வலி."

டீச்சர் அவர் முழங்காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தார். "ரயில்ல உட்கார்ந்துதானே போகப் போறீங்க" என்றார்.

நாகர்கோவில் பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தர் ஒரு பழுப்புக் காகிதக் கட்டை எடுத்துவந்து பிரித்தார். சங்கத்தைத் தொடங்கியவர்கள் ஏழு பேர். அவர்களில் ஆறு பேர் இறந்துபோனது அலங்காரத்துக்குத் தெரியும். ஒவ்வொரு சாவையும் யாராவது சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். எதற்கும் போனதில்லை.

ஏழாவதாக இருந்தது அவர் பெயர். ம. அலங்காரம், கோல்கீப்பர். பக்கத்தில் இருபத்தாறு வயதுக் கையெழுத்து.

"இவர் இருக்காராய்யா?" என்று எழுத்தர் கேட்டார். "ஒருத்தர் உயிரோட இருந்து கையெழுத்துப் போட்டாலும் புதுக் குழு அமைக்க வழி இருக்கு."

"விசாரிக்கணும்" என்றார் அலங்காரம்.

பேருந்து நிலையத்தில் பனையடித்துறை பஸ் நின்றது. ஏறுகிறவர்களின் முகங்களைப் பார்த்தார். ஒரு முகமும் தெரியவில்லை. பஸ் புறப்பட்டுப் போனது. அவர் ரயில் நிலையத்துக்கு நடந்தார்.

சனிக்கிழமை டீச்சர் திரையைப் பார்த்தார். தென்முனை யுனைடெட் என்பதை அலங்காரம் அழித்திருந்தார். அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"உரிமையாளர்?"

"காலின்னு போட்டுடலாம் டீச்சர். ஏழு பேர்ல ஆறு பேர் இல்ல."

"ஏழாவது ஆள்?"

அலங்காரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான்தான்."

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால, பக்கத்து ஊரு வெள்ளாந்துறையோட இறுதி ஆட்டம். முடிய எட்டு நிமிஷம் இருக்கு. சும்மா உருண்டு வந்த பந்து. மழை பெஞ்ச தரை. கையில பட்டு வழுக்கிடுச்சு. என் வீட்டுக்காரிக்கு வெள்ளாந்துறைதான் ஊரு. பொண்ணெடுத்த ஊருக்குக் கோலை விட்டுக் குடுத்துட்டான்னாங்க. கூட ஆடுன பத்து பேர்ல ஒருத்தன்கூட இல்லைன்னு சொல்லல. மறுநாளே ஊரை விட்டுக் கிளம்பிட்டோம். ஜெசிந்தா சாகறவரைக்கும் தன்னாலதான்னு நினைச்சா. நான் அந்த ஊருக்கு யாருமில்ல டீச்சர்."

"கிளப்புலேருந்து விலகறேன்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"அவங்க உங்களை நீக்கித் தீர்மானம் போட்டாங்களா?"

"அந்தக் கட்டுல அப்படி எதுவும் இல்ல."

"அப்போ நீங்க யாருமில்லைங்கறதுக்கு ஆதாரம்?"

டீச்சர் அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிட்டுக் கணினியை அணைத்தார்.

மறுவாரம் அலங்காரம் பனையடித்துறையில் இறங்கினார். மைதானம் அதே இடத்தில்தான் இருந்தது. கடல் மட்டும் இன்னும் கிட்டே வந்திருந்தது. பதினைந்து பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆக்னஸ் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டபடி வந்தாள்.

"பெரியவரே, யாரைத் தேடுறீக?"

"கையெழுத்துப் போட வந்தேன். நான் அலங்காரம்."

அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். முப்பத்தோரு வருஷமாகத் தான் பயந்துவந்த ஏசும் முகத்தை அங்கே தேடினார். அவள் தாளைப் பிரித்துப் பெயரைச் சரிபார்த்தாள்.

"கடைசிப் பேரா? இருக்கீகளா? யாருமே இல்லைன்னுல்லா சொன்னாவ."

"வெள்ளாந்துறையோட ஒரு இறுதி ஆட்டம்... கேள்விப்பட்டிருக்கியாம்மா?"

"வெள்ளாந்துறையா? அந்தக் கரையைக் கடல் எடுத்து நாளாச்சு. அங்க உள்ளவுகள்ல பாதிப்பேர் இங்கதான் இருக்காவ. என் சென்டர் பார்வர்டுகூட அந்த ஊருப் பிள்ளதான்."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆக்னஸ் நன்றி சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டே ஓடினாள். அவர் கோல் கம்பத்தின் அருகே கொஞ்ச நேரம் நின்றார். யாரும் அவரை ஏசவில்லை. யாரும் மன்னிக்கவும் இல்லை. பந்து ஒன்று உருண்டு வந்தது. குனிவதற்குள் ஒரு பெண் ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை கட்டங்களை நிரப்பினார். உரிமையாளர்: பனையடித்துறை விளையாட்டுச் சங்கம். தாய்க் கிளப்: இல்லை. டீச்சர் ஒவ்வொன்றுக்கும் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார்.

"டீச்சர், கிளப்போட வரலாறுன்னு ஒரு பகுதி இருக்கே."

"ஆமா."

"அங்க ஒருத்தருக்கும் அந்த ஆட்டம் ஞாபகம் இல்ல. நான் மட்டும்தான் இத்தனை வருஷமா வச்சிருந்திருக்கேன். இனிமே என் பக்கத்து நியாயத்தைக் கேக்கவும் ஆள் இல்ல." அலங்காரம் விசைப்பலகையில் கை வைத்தார். "அந்த இறுதி ஆட்டத்தை எழுதட்டுமா? நான் வேணும்னு விடலைன்னு ஒரு வரி?"

"முடிவு என்ன ஆச்சு?"

"ஒண்ணுக்கு ஜீரோ. நாங்க தோத்தோம்."

"அதை மட்டும் எழுதுங்க" என்றார் டீச்சர்.