கீழே வைக்க மனம் வராத எழுத்தாணி

ஊரும் உலகமும் பனையோலையில் எழுதிய முன்னொரு காலத்தில், ஓர் அரசர் பொன் எழுத்தாணியால் மூன்று வரி எழுதினார். விரல் கன்றிப்போனது. அதைத் தூக்கி எறிந்தார்.

"எடுத்தவர் கீழே வைக்க மனம் வராத எழுத்தாணி எனக்கு வேண்டும். செய்வார் யார்?"

அந்தப் பொன் எழுத்தாணியைச் செய்வித்தவர் கருவூலத் தலைவர் காளிங்கராயர். முகம் சுண்டியவர், சட்டென்று சபையின் விகடகவி மருதவாணரின் பக்கம் திரும்பினார்.

"மருதவாணர் இருக்கிறாரே, அரசே! சபையின் முதல் தாம்பூலம் வாங்கும் குடும்பம். வாங்கிய வெற்றிலைக்கு வேலை செய்யட்டும். முடியாவிட்டால் அந்தத் தாம்பூலத் தட்டு என் பக்கம் வரட்டும்."

ஏழு தலைமுறையாக அந்த வெற்றிலையை நிமிர்ந்து நின்று வாங்கிய வீடு அது. மருதவாணர் மறுக்கவில்லை. அரண்மனை எழுத்தர் இருபது பேருக்கு இருபது, அரசருக்கு ஒன்று எனக் கருவூலத்தில் எஃகுக் கம்பிகள் வாங்கிக்கொண்டு நேரே எழுத்தர் கூடத்துக்குப் போனார்.

ஒவ்வொருவர் கையிலும் ஈரக் களிமண் உருண்டையைக் கொடுத்து, "எழுதுவதுபோல் பிடியும்" என்றார். விரல் பதிந்த பள்ளங்களைப் பார்த்து, அதே வடிவில் இலேசான மரப்பிடிகள் கடைந்தார். வியர்வையில் வழுக்காதிருக்க மெல்லிய வரிகள் இட்டார். எழுத்தர்கள் எழுத்தாணியைத் தாங்க இடக்கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு வெட்டு வைத்திருப்பார்கள். அதில் உறுத்தாமல் அமரும்படி முனையைத் தீட்டினார்.

இருபதையும் கொடுத்துவிட்டு, அரசருக்கானதைக் கூடத்து மாடத்தில் வைத்தார். மறுநாள் அது அங்கே இல்லை. அவர் தேடவும் இல்லை. வெறுங்கையோடு சபைக்கு வந்தார்.

"எங்கே எழுத்தாணி?" என்றார் அரசர்.

"எடுத்தவர் கீழே வைக்கவில்லை, அரசே. நான் எதைக் கொண்டுவர?"

"எஃகை விழுங்கிவிட்டு விகடமா?" காளிங்கராயர் எழுந்தார். "திருட்டுக் குடும்பம்! அரசே, விடியற்காலையிலேயே இவர்மேல் விண்ணப்பம் எழுதித் தங்களிடம் கொடுத்திருக்கிறேன்."

மருதவாணரின் சிரிப்பு அடங்கியது. "எழுத்தர்களை அழையுங்கள்" என்றார்.

வந்த இருபது பேரும் குடுமியிலிருந்து ஆளுக்கொரு எழுத்தாணியை உருவிக் காட்டினார்கள். காட்டிய வேகத்தில் மறுபடி செருகிக்கொண்டார்கள்.

"அரசருடையது எங்கே?" என்று காளிங்கராயர் கத்தினார்.

"அரசே, அவர் விண்ணப்பத்தைச் சற்றுப் பாருங்கள்" என்றார் மருதவாணர்.

அரசர் ஓலைகளை விரித்தார். புருவம் உயர்ந்தது.

"காளிங்கராயரே, உம் விண்ணப்பம் இரண்டு வரியைத் தாண்டியதில்லை. அதுவும் கோழி கிளறியதுபோல் இருக்கும். இது ஏழு ஓலை! எழுத்தெல்லாம் முத்துக் கோத்ததுபோல் இருக்கிறதே. கை வலிக்கவில்லையா?"

காளிங்கராயரின் கை தானாக இடுப்பு மடிக்குப் போனது. அரசர் கையை நீட்டினார். மடியிலிருந்து எழுத்தாணி வெளியே வந்தது. ஆனால் பிடித்த விரல்கள் விடவில்லை.

"இன்னும் மனம் வரவில்லையா?" அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிடுங்கி வாங்கி, அங்கேயே ஓர் ஓலையில் எழுதினார்: "முதல் தாம்பூலம் மருதவாணர் குடும்பத்துக்கே. காளிங்கராயர் தம் கையால் மடித்துக் கொடுக்கக் கடவர்."

காளிங்கராயர் மடித்துக் கொடுத்தார். மருதவாணர் முதுகு வளையாமல் வாங்கினார்.

"எழுத்தாணியைத் தாருங்கள், அரசே. முனையை இன்னும் சற்றுத் தீட்டித் தருகிறேன்."

அரசர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.