அத்திமரம் யாருடையது?

மழை ஓயாத ஒரு காட்டில் பெரிய அலகுடைய இருவாச்சிப் பறவைகள் இரண்டு, ஆணும் பெண்ணுமாகக் குடும்பம் நடத்தி வந்தன. குழந்தைகளே, இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் பறவை பழங்களைக் கொண்டுவந்து, ஒரு சிறு இடுக்கு வழியாக ஊட்டும்.

இந்த ஆண் இருவாச்சியும் மூன்று மாதம் அலுக்காமல் ஊட்டியது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்துக் கிளை மைனா, "உன்னைப் போல உழைப்பாளி உண்டா?" என்று புகழப் புகழ, அதற்குத் தலைகால் புரியவில்லை.

"அவளுக்கென்ன? உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு!" என்று காடெல்லாம் சொல்லித் திரிந்தது.

ஒருநாள் பெண் பறவை வாசலை உடைத்து வெளியே வந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. பசி தாங்காமல், எதிரே இருந்த அத்திமரத்துக்குத் தத்தித் தத்திப் போய் ஒரு பழத்தில் அலகை வைத்தது.

"நில்!" என்றது ஆண் பறவை. "இந்த மரம் நான் தேடிக் கண்டுபிடித்தது. பொந்து உனக்கு, மரம் எனக்கு. அதுதான் நியாயம்."

மற்றப் பறவைகளெல்லாம் வேடிக்கை பார்த்தன.

"சரி," என்றது பெண் பறவை. "அப்படியானால் இதுவரை தந்த பழங்களும் உங்களுடையவைதானே? பொந்துக்குள் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்."

'அட, மிச்சம் வேறு வைத்திருக்கிறாளா!' ஆண் பறவை ஆசையோடு பறந்துபோய்ப் பொந்துக்குள் தலையை நீட்டியது.

உள்ளே ஒரு பழம்கூட இல்லை. கொழுகொழுவென்று ஒரு குஞ்சு இருந்தது. அதற்கு மெத்தையாகக் கிடந்தவை பெண் பறவையின் இறகுகள். அத்தனையும் அது தன் உடம்பிலிருந்து உதிர்த்துப் போட்டவை. அப்பாவைக் கண்டதும் குஞ்சு ஆவென்று வாயைத் திறந்தது.

"உங்கள் பழமெல்லாம் அதன் உடம்பில்தான் இருக்கிறது. என் இறகின் சூடும் அதில்தான் இருக்கிறது. உங்கள் பங்கை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள்," என்றது பெண் பறவை.

ஆண் பறவைக்குத் தலையை வெளியே எடுக்கவே கூசியது. புகழ்ந்த மைனா மெல்ல வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. 'பெற்ற பிள்ளைக்கு ஊட்டியதற்கா இவ்வளவு பேசினேன்?' என்று ஆண் பறவை வெட்கத்தால் கூனிக் குறுகியது.

பிறகு நன்றாகப் பழுத்த அத்திப்பழம் ஒன்றைப் பறித்து வந்து மனைவியின் முன்னால் வைத்தது.

பெண் பறவை பசியோடு அதைப் பார்த்தது. ஆனாலும் தொடவில்லை.

"இதையும் சொல்லிக் காட்டுவீர்களா?" என்று கேட்டது.

ஆண் பறவை தலையைக் குனிந்துகொண்டு அங்கேயே நின்றது.

நீதி: கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் குடும்பத்தில், வெளியே உழைத்தவருக்கு இருக்கும் உரிமை வீட்டுக்குள் உழைத்தவருக்கும் உண்டு.